ஹேமக்கில் ஃபோம் மேட்: முதுகுக்கு நியாயம், தோளுக்கு அநியாயம்

ஹேமக்குக்கு (இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிப் படுக்கும் துணித் தொட்டில்) அடியில் தொங்கவிடும் குளிர்ப் போர்வையான அண்டர்குவில்ட்டின் விலையைக் கேட்டவர்கள் அடுத்து கேட்பது ஒன்றுதான்: "வீட்ல கிடக்கிற ஃபோம் மேட்டையே ஹேமக்குக்குள்ள விரிச்சுக்கிட்டா போதாதா?" கொடைக்கானலுக்குக் கிளம்பும் நண்பர் ஒருவர் கேட்டபோது, போதும் என்று ஒரு வரியில் பதில் போட்டாயிற்று. அந்த ஒரு வரி அவர் முதுகுக்குப் பொருந்தும், தோளுக்குப் பொருந்தாது. அதனால்தான் இந்த நீட்டல்.

பேசப்போவது சாதாரண 11 அடி நைலான் ஹேமக்கையும், 183 செ.மீ. நீளம், 51 செ.மீ. அகலம், 2 செ.மீ. தடிமன் உள்ள மடிப்பு ஃபோம் மேட்டையும் பற்றி. எடை சுமார் 400 கிராம், ஆர் மதிப்பு (சூடு வெளியேறாமல் தடுக்கும் திறனின் அளவு, கூடினால் நல்லது) 2. கடையில் கிடைக்கிற மடிப்பு மேட்டுகள் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் வரும்.

தரையில் படுப்பவருக்குக் கீழே மண் இருக்கிறது. உடம்புச் சூட்டைக் கொஞ்ச நேரம் உறிஞ்சிவிட்டு அது அடங்கிவிடும். ஹேமக்குக்குக் கீழே ஓடுவது காற்று. வாங்கிய சூட்டோடு அது நகர்ந்துவிட, அந்த இடத்துக்குப் புதுக் காற்று வந்துகொண்டே இருக்கும். 5 டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருக்கிற ஸ்லீப்பிங் பேக்கும் இங்கே உதவாது. முதுகுக்கு அடியில் சிக்கிய பஞ்சோ இறகோ நசுங்கித் தட்டையாகிவிட்டால் சூட்டைப் பிடித்துவைக்க அதில் காற்றே மிச்சமிருக்காது. மூடிய குமிழ்களால் ஆன ஃபோம் அப்படி நசுங்குவதில்லை. 80 கிலோ ஆள் ஏறிப் படுத்தாலும் குமிழுக்குள் இருக்கும் காற்று அங்கேயே இருக்கும், வெளிக்காற்றும் ஊடுருவாது.

ஏற்காடு, ஏலகிரி உயரத்துக்கு டிசம்பரில் இந்த ஒரு மேட் தாராளம். கொடைக்கானலில் 8, 10 டிகிரிக்கு இறங்கும் இரவிலும் முதுகும் இடுப்பும் வெதுவெதுப்பாகவே இருக்கும். ஊட்டிப் பக்கம் ஜனவரியில் உறைபனி விழும் பள்ளங்களுக்கு ஒற்றை மேட் பத்தாது. 1 செ.மீ. மேட் இன்னொன்றை அடியில் போட வேண்டும். அடுக்கினால் ஆர் மதிப்பை அப்படியே கூட்டிக்கொள்ளலாம், 2-ம் 1.5-ம் சேர்ந்தால் 3.5. (கட்டுவது தோட்டத்திலோ பண்ணையிலோ, உரிமையாளரைக் கேட்டுவிட்டு. காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் கட்டினால் அபராதம் குளிரை முந்திக்கொண்டு வரும்.)

இனி தோள். ஆர் மதிப்பை அளக்கும் ஏஎஸ்டிஎம் எஃப்3340 முறையில், மேட்டைச் சூடான தகட்டுக்கும் குளிர்ந்த தகட்டுக்கும் நடுவே தட்டையாக வைத்துத்தான் அளக்கிறார்கள். ஹேமக்கில் எது தட்டையாக இருக்கிறது? துணி இரண்டு பக்கமும் மேலே ஏறி மேல்கை வரை இறுக்கி ஒட்டிக்கொள்கிறது. 51 செ.மீ. மேட்டோ தோள்பட்டையின் பின்பக்கத்தோடு நின்றுவிடுகிறது. மேல்கையும் முழங்கையும் நைலானை அழுத்துகிற இடத்தில் ஸ்லீப்பிங் பேக்கும் நசுங்கிக் கிடக்கும். தோலுக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே மிஞ்சுவது கொஞ்சம் துணிதான். விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்புவது இதுவே. முதுகில் சூடு, ஒரு தோளில் மட்டும் ஐஸ். புரண்டு படுத்தால் மேட் இன்னும் நழுவி, மற்றத் தோளும் சேர்ந்துகொள்ளும். 'ஹேமக்குக்கும் ஏற்றது' என்று அட்டையில் போடத் தெரிந்தவர்களுக்கு, அகலத்தை ஒரு 65 செ.மீ. ஆக்கத் தெரியவில்லை. பெரும்பாலான மேட்டுகள் கூடாரத்துக்கு அளவெடுத்தவை. ஹேமக்காரர்கள் பிறகு சேர்த்துக்கொண்ட விருந்தாளிகள்.

தீர்வு இறக்கைகள். 1 மீட்டர் நீளம், 35 செ.மீ. அகலத்தில் ஒரு ஃபோம் துண்டை வெட்டி, மேட்டுக்கு அடியில் தோள் உயரத்தில் குறுக்காகப் போட வேண்டும். அதன் மேல் விளிம்பு கழுத்தடிக்கு நேராக இருக்கட்டும். அடியில் போடுவதற்குக் காரணம் உண்டு: மேலே போட்டால் விளிம்பு முதுகில் உறுத்தும், அடியில் போட்டால் உடம்பு எடையே அதைப் பிடித்துக்கொள்ளும். மெலிந்தவர்கள் இடுப்புக்கு நேராகவும் 75 செ.மீ.யில் ஒன்று போட்டுக்கொள்ளலாம். துண்டுக்குக் கூரைத் தகட்டுக்கு அடியில் ஒட்டுகிற எக்ஸ்எல்பிஇ (ஒருவகை பாலிஎத்திலீன் ஃபோம்) ஷீட் சரியாக வரும். 8 மி.மீ. போதும், எடையும் 100 கிராமைச் சுற்றியே இருக்கும். டிவி பெட்டியில் வரும் வெள்ளை பேக்கிங் ஃபோம் வேண்டாம், சில இரவுகளிலேயே நசுங்கிக் காகிதமாகிவிடும். அலுமினியத் தாள் ஒட்டிய ஷீட்தான் கிடைத்தது என்றால் வாங்கலாம், ஆனால் தாளுக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். உடம்போ துணியோ ஒட்டி அழுத்துகிற பரப்பில், இடைவெளி இல்லாமல், அந்தப் பளபளப்புக்குச் சூட்டைத் திருப்பியனுப்பும் வேலை பெரிதாக இல்லை. சரசரப்புதான் மிச்சம்.

இறக்கையை மேட்டோடு பசை போட்டு ஒட்டலாமா என்றும் கேட்கிறார்கள். ஈவிஏ ஃபோம் என்றால் செருப்புக் கடை ரப்பர் பசை பிடிக்கும். பாலிஎத்திலீன் என்றால் குளிரில் விறைத்ததும் உரிந்து வந்துவிடும். ஒட்டுவதை விட்டுவிட்டு, விளிம்பிலிருந்து 3 செ.மீ. உள்ளே தள்ளி நான்கு ஓட்டை போட்டு எலாஸ்டிக் நாடாவால் தளர்வாகக் கட்டுவதே மேல். இறுக்கிக் கட்டினால் ஓட்டை கிழியும். ஹேமக் வளையும்போது இரண்டு துண்டும் ஒன்றன்மேல் ஒன்று நகர இடம் வேண்டும். மூலைகளை எல்லாம் உருட்டி வெட்டிவிடுங்கள். கூர்மையான மூலை துணியில் முட்டி மடங்கும், மடங்கிய இடத்தில் மேட் தூக்கிக்கொண்டு காற்று புகும்.

அடுத்த தொல்லை நழுவல். நைலான் வழுக்கும், ஃபோமும் வழுக்கும். ஹேமக்கின் நடுவே உட்கார்ந்து அப்படியே சாய்ந்தால் மேட் கால்மாட்டுக்கு ஓடிவிடும். முதலில் ஹேமக்கை இரண்டு பக்கமும் 30 டிகிரி சாய்வில் தொய்வாகக் கட்ட வேண்டும். ரிட்ஜ்லைன் (ஹேமக்கின் இரண்டு முனைகளையும் மேலே இணைக்கும் கயிறு) வைத்திருந்தால் ஹேமக் நீளத்தில் 83 சதவீதம், அதாவது 11 அடிக்கு 278 செ.மீ. அளவில். தொய்வு இருந்தால்தான் குறுக்காகப் படுக்க முடியும், குறுக்காகப் படுத்தால்தான் துணி ஓரளவு சமமாகி மேட்டும் சமமாகும். மேட்டையும் அதே குறுக்குக் கோட்டில் விரித்து, உட்கார்ந்ததும் தலைப்பக்கத்தை ஒரு கையால் முதுகோடு பிடித்துக்கொண்டே சாய வேண்டும். கால் கடைசியில். இடுப்புக்கு அடியில், டிராயரில் விரிக்கிற வழுக்காத ரப்பர் வலையில் ஒரு அடிக்கு ஒரு அடி துண்டு போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். இரட்டைத் துணி ஹேமக் வைத்திருப்பவர்கள் நடுவே செருகிவிட்டால் மீதிப் பாதியும் தீரும். விசாலமான ஸ்லீப்பிங் பேக் என்றால் மேட்டை அதற்குள்ளேயே நுழைத்துவிடலாம். ஒட்டிப் பிடிக்கிற மம்மி பேக்கில் அது நடக்காது.

183 செ.மீ.யை முழுசாக வைத்திருப்பதும் தேவையில்லை. 125 செ.மீ.யில் வெட்டிவிட்டால் முழங்காலுக்குப் பின்னால் மடங்கி முண்டும் தொல்லை போய்விடும். மிச்சத் துண்டைக் கணுக்காலுக்கு அடியில் தனியாகப் போடலாம், பகலில் உட்காரவும் ஆகும்.

ஃபோமில் வியர்வை போக வழியில்லை. 18 டிகிரிக்கு மேல் முதுகு நனைந்துவிடும், விடியற்காலை குளிரும்போது அந்த ஈரமே எதிரி. மேட்டுக்கு மேலே பழைய வேட்டியை ஒற்றையாக விரித்தால் மிதமான இரவுகளைச் சமாளிக்கலாம். குளிரில் பருத்தி வேண்டாம், ஃபிளீஸ் போடுங்கள். காலையில் மேட்டைத் தூக்கினால் அடியில் ஹேமக் துணியும் நனைந்திருக்கும். மேலே கட்டிய மழைவிரிப்பு (தார்ப்) ஒழுகிவிட்டது என்று முடிச்சுகளைத் திட்டாதீர்கள். உடம்பு ஈரம்தான் ஓரமாக இறங்கிக் குளிர்ந்த நைலானில் படிகிறது.

எதிர்பாராமல் கிடைத்த வரம் ஒன்று உண்டு: கொசு. மேலே எத்தனை வலை கட்டினாலும் ஒற்றைத் துணி ஹேமக்கில் கொசு அடியிலிருந்து துணி வழியாகவே முதுகைக் குத்தும். ஃபோமைத் துளைக்க அதற்கு மூக்கு போதாது. குளிருக்காக வாங்கிய பொருள், குளிரே இல்லாத அடிவாரத் தோப்புகளில் இதற்காகவே பைக்குள் ஏறுகிறது. அங்கே புழுக்கம் உண்டு. கடிக்குப் புழுக்கம் மேல்.

ஆயுளைப் பொறுத்தவரை, மேட்டின் முட்டைத் தட்டு மாதிரியான மேடுபள்ளம் இடுப்புப் பகுதியில் மெல்லத் தட்டையாகும், அங்கேதான் குளிர் முதலில் எட்டிப்பார்க்கும். மடிப்பு மேட் என்றால் தலைமாடு கால்மாடு மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைப் பகிரலாம். சோப்புத் தண்ணீரில் துடைத்து நிழலில் காயவையுங்கள். மே மாத மொட்டைமாடியும், வெயிலில் நிற்கும் காரின் டிக்கியும் ஃபோமைச் சுருக்கி நெளித்துவிடும். பரணில் போடும்போது மேலே பெட்டியை ஏற்றாதீர்கள்.

குத்தினால் காற்றுப் போகாது, மரம் கிடைக்காத ஊரில் தரையில் விரிக்கலாம், அண்டர்குவில்ட்டை விட விலையும் குறைவு. இத்தனையும் உண்மை. இருந்தும் ஹேமக்குக்கென்று புதிதாக 51 செ.மீ. மேட் வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கையில் இருந்தால் இறக்கை கட்டிப் போடுங்கள். காசு கொடுத்து வாங்குவதானால் 10 மி.மீ. எக்ஸ்எல்பிஇ ஷீட்டை 1 மீட்டர் அகலத்தில் வாங்கி, இடுப்புக்குக் கீழே மட்டும் 60 செ.மீ. ஆகக் குறுக்கி வெட்டிக்கொள்ளுங்கள். சுருட்டினால் பைக்குள் போகாது. வெளியேதான் கட்ட வேண்டும், கொடைக்கானல் பஸ்ஸில் பின்சீட்டுக்காரர் முகத்தில் இடிக்கும். ஒரு சாரி சொல்லிக்கொள்ளலாம்.