ஃபியோவா, விடிபெஞ்சா? தானியங்கி ஸ்டோரேஜ் சோதனைக்கு எது தோது

ஒரு ஸ்டோரேஜின் வேகத்தை ஒரே ஒருமுறை அளக்க எந்தக் கருவியும் போதும். ஒவ்வொரு பில்டுக்குப் (மென்பொருளின் புது வடிவம்) பிறகும் ஆளில்லாமல் ஓடி, "நேற்றைவிட மோசம்" என்று சரியாகச் சொல்ல வேண்டும் என்னும்போதுதான் பல கருவிகளின் சாயம் வெளுக்கிறது. அந்த வேலைக்கு ஃபியோ (fio), விடிபெஞ்ச் (Vdbench) என்ற இரண்டு ஸ்டோரேஜ் சோதனைக் கருவிகளில் எது தோது என்பதுதான் கேள்வி.

முதலில் டேட்டாவை நகலெடுக்கும் கமாண்டான டிடியை (dd) ஒதுக்கிவிடலாம். ஒற்றை த்ரெட், டைரக்ட் ஐஓ (நேரடியாக டிஸ்க்கில் படி, எழுது) என்று சொல்லாவிட்டால் டிஸ்க்குக்குப் பதில் மெமரியில் இருக்கும் பேஜ் கேஷை அளந்து தரும். வெறும் பூஜ்யங்களை எழுதச் சொன்னால், கம்ப்ரஷன் உள்ள ஸ்டோரேஜ் அநேகமாக எதையுமே எழுதாமல் பிரமாதமான எண்ணைக் காட்டும்.

ஃபியோவை எழுதியவர் ஜென்ஸ் ஆக்ஸ்போ. லினக்ஸில் டிஸ்க் கோரிக்கைகளைக் கையாளும் பிளாக் லேயரைப் பராமரிப்பவரும், 2019இல் லினக்ஸ் 5.1உடன் வந்த ஐஓ_யூரிங்கை (கோரிக்கைகளைக் காத்திருக்காமல் அனுப்பும் வழி) உருவாக்கியவரும் அவரே. தானியங்கி வேலைக்கு அது கச்சிதம்: சோதனையை விவரிக்கும் ஜாப் ஃபைல் வெறும் டெக்ஸ்ட் என்பதால் கோடுடன் கிட்டிலேயே (Git) இருக்கும், முடிவு புரோகிராம்கள் எளிதில் படிக்கும் ஜேசனாக (JSON) வரும், லேட்டன்சி (ஒரு கோரிக்கை முடிய ஆகும் நேரம்) பர்சன்டைல் உட்பட. எண்கள் நிலைபெற்றதும் தானே நின்றுகொள்ளும் வசதியும் உண்டு.

சிக்கல் வேறு இடத்தில். வழக்கமான அமைப்பில் ஃபியோ, முந்தைய கோரிக்கை முடிந்தால்தான் அடுத்ததை அனுப்பும். கியூ டெப்த் (ஒரே நேரத்தில் நிலுவையில் இருக்கும் கோரிக்கைகள்) 32 என்று வைத்து, டிவைஸ் ஒரு நொடி உறைந்துபோனால், அந்த நொடி முழுக்க 32 ஐஓ மட்டுமே மெதுவாகப் பதிவாகும். நிஜ உலகில் கோரிக்கைகள் காத்திருக்காது, வந்து குவியும். இதற்கு ஃபியோவிலேயே மருந்து உண்டு: வேகத்தை நிலையாக வைத்து, பாய்சான் (நிஜ வரவைப் போல முன்பின்னாக மாறும்) இடைவெளியில், அனுப்பும் வேலையைத் தனி த்ரெட்டுகளிடம் விடலாம். ஆனால் அந்தத் தனி த்ரெட் முறையை ஐஓ_யூரிங் போன்ற அசிங்க் (பதிலுக்குக் காத்திராத) எஞ்சின்களோடு சேர்த்து நம்ப முடியாது. பெரும்பாலோர் இந்த ஆப்ஷன் பக்கமே போவதில்லை என்பது என் எண்ணம்.

விடிபெஞ்ச், சன் காலத்தில் தொடங்கி ஆரக்கிளுக்குப் போன ஜாவா கருவி. அதன் கர்வ் முறை எனக்கு மிகவும் பிடிக்கும்: முதலில் உச்சத்தைக் கண்டுபிடித்து, பிறகு அதில் இத்தனை சதவீதம் என்று படிப்படியாக லோடு கொடுத்து, எந்த இடத்தில் ரெஸ்பான்ஸ் டைம் எகிறுகிறது என்று காட்டிவிடும். இன்னொரு பலம், டேட்டா சரிபார்ப்பு. எழுதும் பிளாக்கில் அதன் முகவரியையும், ஒவ்வொரு முறை எழுதும்போதும் மாறும் ஒரு கீயையும் பதித்துவிடுவதால், படித்த டேட்டா கெட்டதா அல்லது வெறுமனே பழையதா என்று பிரித்துச் சொல்லும். ஜர்னல் (எதை எழுதியது என்ற பதிவேடு) போட்டு ஓட்டினால், நடுவில் பவரைப் பிடுங்கிவிட்டுப் பிறகும் சோதிக்கலாம். ஃபியோவிலும் வெரிஃபை இருக்கிறது. ஆனாலும் இந்த விஷயத்தில் விடிபெஞ்சே என் தேர்வு. குறை என்றால், ஒவ்வொரு மெஷினிலும் ஜாவா வேண்டும். வெளியீட்டில் சராசரியே முன்னால் நிற்கும். ஃபியோவின் ஜேசனைப் போல அவ்வளவு சுலபமாகப் பிரித்தெடுக்கவும் வராது.

அமேசானின் எஸ்3 போன்ற, டிஸ்க்காக இல்லாமல் எச்டிடிபி வழியே ஃபைல்களைச் சேமிக்கும் ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜுக்கு இரண்டுமே பொருந்தாது. ஃபியோவில் ஒரு எச்டிடிபி எஞ்சின் இருந்தாலும், மினிஐஓ நிறுவனத்தின் வார்ப் என்ற கருவியே போதும். இரண்டு ஓட்டங்களை ஒப்பிட அதிலேயே ஒரு கமாண்ட் இருக்கிறது.

எதை எடுத்தாலும் புது எஸ்எஸ்டியில் நேரடியாக அளக்காதீர்கள். ஸ்டோரேஜ் துறைக் கூட்டமைப்பான எஸ்என்ஐஏவின் (SNIA) சோதனை விதிப்படி, கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு முதலில் எழுத வேண்டும். அப்புறம், ஐந்து சுற்றுகளின் எண்களில் பெரியதுக்கும் சிறியதுக்கும் உள்ள இடைவெளி சராசரியில் 20 சதவீதத்துக்குள் அடங்கினால்தான் கணக்கு.

சரி, முடிவு? தினசரி ஓட்டத்துக்கு ஃபியோ, வாராந்திரச் சரிபார்ப்புக்கு விடிபெஞ்ச். தினசரி சோதனையில் உச்ச ஐஓபிஎஸை (நொடிக்கு எத்தனை ஐஓ) ஒப்பிட வேண்டாம். அதில் 70 சதவீத லோடை நிலையாகக் கொடுத்து, 99ஆம் பர்சன்டைல் லேட்டன்சியை (நூறில் 99 கோரிக்கைகள் முடிந்துவிடும் நேரம்) பாருங்கள். "மோசம்" என்று அலாரம் அடிக்கும் வரம்பை வைப்பதற்கு முன் மாற்றமே இல்லாத ஒரே பில்டைப் பலமுறை ஓட்டி, எண் தானாக எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வரம்பு அந்த ஆட்டத்தைவிடக் குறுகலாக இருந்தால், தினமும் வீண் அலாரம்தான் அடிக்கும்.