வீட்ல 7 கிலோவாட் சார்ஜர் மாட்டலாமானு கேட்ட மச்சானுக்கு

மச்சான் ஒருத்தர் எலக்ட்ரிக் கார் புக் பண்ணிட்டு, வால் பாக்ஸ், அதான் செவுத்துல மாட்டற 7 கிலோவாட் சார்ஜர் மாட்டட்டுமா, 15 ஆம்ப் பிளக்கே போதுமானு கேட்டாருங்க. போன்ல சொன்னா பாதிதான் காதுல வாங்குவாரு, அதான் எழுதியே போட்டுடறேன்.

எங்க வூட்ல மாட்டியிருக்கற பாக்ஸ் மேல கொறை சொல்ல ஒண்ணுமில்லீங்க. வெயிலு மழையெல்லாம் பாத்துருச்சு, ஒரு தொந்தரவு இல்ல. பல்லடத்துல இருந்து கோயமுத்தூர் போயிட்டு வந்தா 12 யூனிட் கிட்ட ஆகும், ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஏத்திப்போடும்.

எரிச்சலே ராத்திரி 10 மணிதான். எங்க லைன்ல இப்ப மூணு காரு, மூணு பேருக்குமே வண்டி குடுத்த பையன் 10 மணிக்குத்தான் டைமர் வெச்சுக் குடுத்துட்டுப் போயிருக்கான், லோடு கம்மியான நேரமாமா! மூணும் ஒண்ணா ஆரம்பிச்சா எங்கிருந்து கம்மி? எங்க வூடு லைனுக்குக் கடைசி, டிஸ்ப்ளேல 225 இருந்த வோல்டேஜ் 205, 194னு எறங்கி டக்குனு செவப்பு லைட்டு. கட். கொஞ்ச நேரத்துல தானா ஆரம்பிக்கும், மறுபடி எறங்கும், மறுபடி கட். காலைல பாத்தா பாதிதான் ஏறியிருக்கும்.

சித்தப்பா பையன் எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் படிக்கறவன், ஓப்பன்டிஎஸ்எஸ்னு ஒரு ஃப்ரீ சாஃப்ட்வேர்ல எங்க டிரான்ஸ்பார்மரு, கம்பி நீளம், வூட்டு லோடு எல்லாம் போட்டு மாடல் பண்ணிப் பாத்தான். 100 கேவிஏ டிரான்ஸ்பார்மர்னா பேஸுக்கு, அதான் கரண்டு வர்ற மூணு கம்பில ஒவ்வொண்ணுக்கும், சுமாரா 133 ஆம்ப்தானுங்க, ஒரு பாக்ஸ் 32 ஆம்ப் இழுக்குது, மூணும் ஒரே பேஸ்ல இருந்தா 96. டிரான்ஸ்பார்மர் எப்படியோ சமாளிச்சுக்கும், கடைசி வூட்டு வோல்டேஜ்தான் மொதல்ல படுக்கும்னு வந்துச்சு. ஸ்டார்ட் டைமை ஆளுக்கொரு நேரமா மாத்தி ஓட்டுனா, அதே மூணு காரு, அதே கம்பி, ஒண்ணும் ஆகல. பிரிட்டன்ல 2022 ஜூன் 30-ல இருந்து வீட்டு சார்ஜருக்கு ரூலே இருக்குதுங்க, டைமர் அடிச்சதும் எல்லாம் ஒரே நொடில ஆரம்பிக்கக் கூடாது, 10 நிமிஷம் வரைக்கும் ஒவ்வொண்ணும் ஒரு அளவு தள்ளித்தான் ஆரம்பிக்கணும். அது சடார்னு ஏறறதைத்தான் தடுக்கும், ரெண்டு மணி நேரம் மூணும் சேந்து இழுக்கறதை என்ன பண்ணும், எங்களுக்கு அது பத்தாது.

லைன்மேன் அண்ணன் போஸ்ட்ல பாத்துட்டு, மூணு காரும் ஆர்ங்கற ஒரே பேஸ்லயே கெடக்குதுன்னு என் கனெக்சனை ஒய்ங்கற வேற பேஸுக்கு மாத்திக் குடுத்தாரு, புண்ணியவான். இப்ப 210-க்குக் கீழ போறதில்ல. அப்பவும் நான் டைமரை 1 மணிக்குத் தள்ளி, ஆப்ல 16 ஆம்ப்னு கொறைச்சுத்தான் ஓட்டறேன், விடியறதுக்குள்ள தாராளமா ஏறிருது. அந்த 16 ஆம்புக்கு இவ்ளோ பெரிய பாக்ஸ் எதுக்குங்கறேன்!

நல்ல பாக்ஸ்தானுங்க மச்சான், வாங்காதீங்க. தனி எம்சிபி (லோடு மிஞ்சுனா தானா கட் ஆகற சுவிட்ச்), ஒழுங்கான எர்த்திங் போட்டு 15 ஆம்ப் பிளக் வெச்சுக்குங்க. தோட்டத்து மோட்டார் லைன்ல சொருகிக்கலாம்னு மட்டும் நெனைக்காதீங்க, அது வெவசாயக் கனெக்சன், புடிச்சா ஃபைனு.