பழைய காருக்கு எது: ஒற்றை டின் ப்ளூடூத்தா, ஆண்ட்ராய்டு ஸ்கிரீனா?

மாருதி 800, ஸென், பழைய ஸாந்த்ரோ மாதிரி ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு ஸ்டீரியோ மாற்றக் கடைக்குப் போனால், முதலில் எடுத்துக் காட்டுவது 9 இன்ச் ஆண்ட்ராய்டு ஸ்கிரீனைத்தான். பார்க்க ஜோராகத்தான் இருக்கும். என் ஓட்டு ஒற்றை டின் ப்ளூடூத் செட்டுக்கு (டின், DIN, என்பது டாஷ்போர்டில் ஸ்டீரியோ நுழையும் ஓட்டையின் அளவு), மிச்சப் பணத்தில் முன் கதவுக்கு ஒரு ஜோடி நல்ல ஸ்பீக்கர்.

முதல் தகராறு இடம். ஒற்றை டின் என்றால் 180 மி.மீ. அகலம், 50 மி.மீ. உயரம், அவ்வளவுதான். இரட்டை டின்னுக்கு உயரம் 100 வேண்டும். அந்தக் காலத்துச் சின்ன கார்கள் பலவற்றில் இருப்பது ஒரு டின் ஓட்டைதான், அதனால் பெரிய ஸ்கிரீன் வேண்டுமென்றால் அதைப் பொருத்த உங்கள் மாடலுக்கென்று செய்த பிளாஸ்டிக் ஃப்ரேம் கிடைக்கிறதா பார்க்க வேண்டும், கிடைக்காவிட்டால் டாஷ்போர்டை அறுக்கச் சொல்வார்கள். இருபது வருஷம் வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் அது, அறுக்கும்போது ஓரமாக விரிசல் விட்டால் அப்புறம் சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் டாஷ்போர்டு தேடி அலைய வேண்டியதுதான். ஒற்றை டின்னில் நுழைந்து முன்னால் ஸ்கிரீன் நீட்டிக்கொண்டு நிற்கும் மாடல்களும் வருகின்றன. அறுக்க வேண்டாம், சரி. ஆனால் ஏசி வென்ட்டையோ ஹஸார்டு சுவிட்சையோ மறைக்கிறதா என்று வாங்கும் முன்பே வைத்துப் பாருங்கள்.

சத்தத்தில் ஸ்கிரீனுக்கு ஒரு கூடுதலும் கிடையாது. இரண்டு டப்பாவிலும் 50×4 வாட் என்று போட்டிருப்பார்கள், நம்பாதீர்கள். இன்ஜின் ஓடும்போது காரில் இருப்பது சுமார் 14.4 வோல்ட். அதை 4 ஓம் ஸ்பீக்கரில் போட்டால் கணக்குப்படியே ஒரு சேனலுக்கு 26 வாட்டுக்கு மேல் சிதறாமல் வராது, நிஜத்தில் கிடைக்கும் ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய சக்தி, 14 முதல் 22 வாட் வரை. தனி ஆம்ப்ளிஃபையர் போடாத வரை விலை கூடிய செட்டுக்கும் இதே எல்லைதான்.

பேட்டரி விஷயத்தில்தான் ஆண்ட்ராய்டு என்னிடம் மார்க் இழக்கிறது. அது ஒரு சின்ன கம்ப்யூட்டர். முழுதாக அணைந்தால் மறுபடி எழுந்திருக்க நேரமாகும் என்பதால் பல செட்டுகள் வண்டியை நிறுத்திய பிறகும் தூங்குகிற நிலையிலேயே இருக்கும், தூங்கும்போதும் கரன்ட் குடிக்கும். 50 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி. 800 மாதிரி வண்டியில் இருப்பது 35 ஆம்பியர் மணி பேட்டரி, ஊருக்குப் போய்விட்டு இரண்டு வாரம் கழித்து வந்தால் பாதி காலி. பேட்டரியும் பழசு என்றால் தள்ள ஆள் தேடுங்கள். ஒற்றை டின் செட்டுக்கு நேரத்தையும் ஸ்டேஷன்களையும் ஞாபகம் வைக்கச் சொற்பக் கரன்ட் போதும்.

மேப்புக்காக ஸ்கிரீன் வேண்டும் என்பவர்களுக்கு: கையில் இருக்கும் போன் அந்த மலிவு செட்டைவிட வேகமானது, ஒரு ஹோல்டர் போதும்.

லைட்டர் சாக்கெட்டில் செருகி, போன் பாட்டை ரேடியோவின் ஒரு காலி அலைவரிசையில் கேட்க வைக்கும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டரையும் சிலர் சொல்வார்கள். சென்னையில் 91.1, 92.7, 93.5, 98.3, 101.4, 106.4 என்று வரிசையாக ஸ்டேஷன்கள் உட்கார்ந்திருக்கும்போது காலி இடம் தேடுவதே வேலையாகிவிடும், கிடைத்த இடத்திலும் கரகரப்பு. பழைய கேசட் செட்டை எடுக்க மனசில்லாதவர்கள் கேசட் மாதிரியே உள்ளே நுழைந்து போனோடு வயரில் இணையும் கேசட் அடாப்டர் போடலாம், டிரான்ஸ்மிட்டரைவிடத் தெளிவாகவே கேட்கும்.

எதை வாங்கினாலும் வயரிங்தான் பாதி வேலை. முந்தைய ஓனர்கள் ஒவ்வொருவரும் வெட்டி, முறுக்கி, டேப் சுற்றிய வயர்கள் உள்ளே கொத்தாகத் தொங்கும், அவற்றின் நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். செட்டிலிருந்து வரும் மஞ்சள் எப்போதும் பேட்டரிக்கு, சிவப்பு சாவி திருப்பினால் மட்டும் வரும் கரன்டுக்கு, கறுப்பு பாடி எர்த்துக்கு. மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்துச் சாவி லைனில் கொடுத்துவிட்டால் ஒவ்வொரு முறை வண்டியை அணைக்கும்போதும் ஸ்டேஷன் எல்லாம் அழிந்துவிடும். இன்னொன்று, ரொம்பப் பழைய வண்டிகளில் ஸ்பீக்கரின் மைனஸை பாடியிலேயே இணைத்திருப்பார்கள், இப்போதைய செட்டில் அப்படிக் கொடுத்தால் ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் ஐசி (சிப்) போய்விடும். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் செட்டிலிருந்தே இரண்டு வயர் தனியாக இழுக்கச் சொல்லுங்கள், கடைக்காரர் முனகினாலும் பரவாயில்லை. ஆக்ஸிலேட்டர் மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் 'உய்ய்ங்' என்று ஏறினால் முதலில் எர்த்தைப் பாருங்கள், பெயின்டைச் சுரண்டி இரும்பில் பிடித்தாலே பல வண்டிகளில் நின்றுவிடும்.

நம் ஊரில் பின்னால் டிரேயில் 6×9 இன்ச் ஓவல் ஸ்பீக்கர் வைப்பது ஒரு பழக்கம். பேஸ் வரும், மறுப்பதற்கில்லை, ஆனால் பாடுகிறவர் முதுகுக்குப் பின்னால் நின்று பாடுவார். அந்தக் காசை முன் கதவில் போடுங்கள். வாங்கும் முன் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு ஆழத்தை அளந்துகொள்ளுங்கள், காந்தம் பெரிதான ஸ்பீக்கரில் கண்ணாடி இடிக்கும். கதவின் உள்பக்க அட்டைக்குப் (டிரிம்) பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழித்து எறிந்துவிட்டுப் போகிற ஆட்கள் உண்டு, அது மழைத்தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பது, திரும்ப ஒட்டச் சொல்லுங்கள். கதவுத் தகரம் மெல்லிசு என்பதால் ஸ்பீக்கரைச் சுற்றி அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட் இரண்டு பட்டை ஒட்டினால் கடகடப்பு அடங்கும்.

ஸ்கிரீனுக்காக நான் ஒத்துக்கொள்ளும் ஒரே காரணம் ரிவர்ஸ் கேமரா. நெருக்கமான சந்தில் வீடு, பின்னால் குழந்தைகள் விளையாடுகிற இடம் என்றால் அது தேவைதான். அதற்கும் பின்பக்கம் பார்க்கும் உள் கண்ணாடியோடு சேர்ந்து வரும் சின்ன டிஸ்ப்ளே தனியாகவே கிடைக்கிறது, டாஷ்போர்டைத் தொட வேண்டாம். இல்லை, எனக்கு ஸ்கிரீன்தான் வேண்டும் என்றால் ஃப்ரேம் உள்ள மாடலாகப் பார்த்து வாங்கி, மஞ்சள் வயரில் ஒரு கட்-ஆஃப் சுவிட்சும் போட்டுக்கொள்ளுங்கள், வண்டியை நாள்கணக்கில் நிறுத்தும்போது அதை அணைத்துவிட்டுப் போகலாம்.