ஸ்பிங்க்ஸ் லிங்க்செக்: உடைந்த சுட்டியைப் பிடிக்கும், பொய்ச் சுட்டியை விட்டுவிடும்

எங்கள் பயிற்சிக்கூடத்தில் ஈஎஸ்பி32 என்ற நுண்கட்டுப்படுத்திப் பலகைக்கான இணையப் பாடங்களைப் பராமரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்ததிலிருந்து, பாடம் எழுதியதைவிடச் சுட்டி (இணைய இணைப்பு) திருத்தியதே அதிகம். அதற்கு நான் நம்பியிருப்பது ஸ்பிங்க்ஸ் ஆவணக் கருவியோடு இலவசமாகவே வரும் சுட்டிச் சோதனைக் கருவியான லிங்க்செக்.

தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. ‘மேக் லிங்க்செக்’ என்று கட்டளை கொடுத்தால், வெளிச் சுட்டிகளை எல்லாம் தட்டிப் பார்த்து, எந்தக் கோப்பில் எந்த வரியில் எது உடைந்திருக்கிறது என்று எழுதி வைத்துவிடும். பக்கம் உயிரோடு இருந்து, அதற்குள் நாம் குறித்த உட்தலைப்பு மட்டும் காணாமல் போயிருந்தாலும் சொல்லிவிடுகிறது. பலகையின் பின்கள், ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றுவது), பிடபிள்யூஎம் (துடிப்பு அகலத்தால் வெளியீட்டைக் கட்டுப்படுத்துவது) எல்லாம் ஒரே நீண்ட பக்கத்தில் கிடக்கும் ஆவணங்களுக்கு இது பெரிய உதவி.

பொய்க் கூக்குரலும் உண்டு. தானியங்கிகளை விரட்டும் தளங்கள் 403 (அனுமதி இல்லை) என்று பதில் சொன்னால் அவையும் உடைந்த கணக்கில் சேர்ந்துவிடும். அமைப்புக் கோப்பில் விலக்குப் பட்டியல் எழுதலாம்தான். ஆனால் சோம்பலில் ஒரு தளத்தையே விலக்கிவிட்டால் பிறகு அங்கே என்ன செத்தாலும் நமக்குத் தெரியாது.

என் உண்மையான குறை வேறு. வேறு முகவரிக்குத் திருப்பி விடப்படும் சுட்டிகளைக் கருவி பட்டியலிடுகிறதே தவிர, உடைந்ததாக எண்ணுவதில்லை. உதிரிபாகக் கடை ஒன்று மண் ஈரப்பத உணரியின் பக்கத்தை எடுத்துவிட்டு வருகிறவர்களை முகப்புக்கு அனுப்புகிறது. மாணவருக்குக் கிடைப்பது தள்ளுபடி விளம்பரம். அதனால் நான் முதலில் படிப்பது திருப்பிவிடல் பட்டியலைத்தான்.

எப்போதும் புதிய பதிப்பையே காட்டும் ‘லேட்டஸ்ட்’ ஆவணச் சுட்டிகள் இன்னும் மோசம், உள்ளடக்கம் மாறினாலும் அவை உடைவதில்லை. ஈஎஸ்பி32க்கு ஆர்டுயினோ மென்பொருளில் நிரல் எழுத உதவும் தொகுப்பு 2024இல் 3.0 பதிப்புக்கு வந்தபோது, பிடபிள்யூஎம்முக்கான ‘எல்இடிசி செட்டப்’, ‘எல்இடிசி அட்டாச்பின்’ என்ற இரண்டு நிரல் கட்டளைகளும் நீக்கப்பட்டு ‘எல்இடிசி அட்டாச்’ வந்தது. பாடத்தில் பழைய நிரல், சுட்டி போய்ச் சேரும் இடத்தில் புதிய விளக்கம். லிங்க்செக் இதற்குப் பச்சைக்கொடி காட்டும். பதிப்பு எண் உள்ள முகவரியைத் தேடிப் போடுவது நம் வேலை. நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தின் கோப்பு என்றால், அதைத் திறந்து ‘ஒய்’ விசையை அழுத்தினால் முகவரி அந்தக் கணத்தின் பதிப்போடு நிலைத்துவிடும். பலருக்கு இது தெரியவில்லை.

எல்லாவற்றையும்விட வலிக்கும் குறை: நிரல் கட்டத்துக்குள் இருக்கும் முகவரியை இது பார்ப்பதே இல்லை. பலகைப் பட்டியலை ஆர்டுயினோ மென்பொருளில் சேர்க்கும் முகவரியை, மாணவர் நகலெடுக்க வசதியாக அங்கேதான் வைப்போம். அது தவறினால் முதல் பாடமே நகராது. ஈஎஸ்பி32க்கு அந்த முகவரி மாறியும் இருக்கிறது. பழைய பாடங்களில் அதன் தயாரிப்பாளரான எஸ்பிரெசிஃபின் தரவிறக்கத் தளம், இப்போது கிட்ஹப் பக்கம்.

இந்த ஓட்டையை அடைக்க, ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட லைச்சி என்ற கருவியை ‘இன்க்ளூட் வெர்பேட்டிம்’ தெரிவோடு கூடவே ஓட்டுகிறேன். அந்தத் தெரிவைக் கொடுக்காவிட்டால் அதுவும் நிரல் கட்டங்களைத் தாண்டிப் போய்விடும். லிங்க்செக்கிலேயே இது வந்துவிட்டால் லைச்சியை விட்டுவிடுவேன். அதுவரை ஐந்துக்கு மூன்றரைக்கு மேல் தர மனமில்லை.