மூன்று மாம்பழ சீசன் தாண்டிய இணையதளக் கருவிகள்: எது நின்றது, எது காலை வாரியது

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பாலக்கோடு பக்கம் பெட்டியில் பழம் அனுப்புகிறவர்கள் இணையதளம் போட்டால், மே பிறந்ததும் தினம் விலை மாற்றுவார்கள், படம் ஏற்றுவார்கள். ஜூலை முடிந்ததும் அந்தப் பக்கம் திரும்பமாட்டார்கள். அடுத்த வரத்து வரை எட்டு, ஒன்பது மாதம் தளம் தனியாகக் கிடக்கும். அதனால் இங்கே ஒரு கருவியை எடைபோட ஒரே கேள்விதான்: ஒன்பது மாதம் ஆள் தொடாமல் விட்டால் அது என்ன ஆகும்?

முதலில் டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர். கெட்டுப்போகும் தளங்களில் பெரும்பாலும் சிக்கல் தொடங்கும் இடம் இதுதான். டொமைன் வியாபாரியின் பெயரில், அவர் தினமும் திறக்கும் ஜிமெயிலில் பதிவாகியிருக்க வேண்டும். தளம் செய்துகொடுத்தவர் தன் கணக்கிலேயே வாங்கி வைத்துவிட்டால், அவர் ஊர் மாறிய நாளில் முகவரி கைவிட்டுப் போகும். இன்னொரு பொறி: தொடர்பு மின்னஞ்சலாக அதே டொமைனின் முகவரியைக் கொடுப்பது. டொமைன் காலாவதியானால் அந்த அஞ்சல்பெட்டியும் அதோடு படுத்துவிடும், பிறகு வரும் நினைவூட்டல் யார் கைக்கும் வராது. தானியங்கிப் புதுப்பிப்பை மட்டும் நம்ப வேண்டாம். 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் இ-மேண்டேட் (தானாகப் பணம் பிடிக்கக் கார்டுதாரர் தரும் ஒப்புதல்) விதி வந்தபிறகு வெளிநாட்டு நிறுவனங்களுக்குத் தானாகப் பணம் பிடிப்பது பல கார்டுகளில் நிறைவேறுவதில்லை. மூன்று அல்லது ஐந்து ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டுவதே நிம்மதி. பத்து ஆண்டு வரை கட்டலாம். முதல் ஆண்டுச் சலுகை விலையைப் பார்க்காமல், புதுப்பிக்கும் விலையைப் பார்த்து வாங்குங்கள்.

தளத்தை உருவாக்கி நடத்தும் மென்பொருளில் வேர்ட்பிரஸ் இன்னும் எங்கள் முதல் தேர்வுதான். காரணம், விலை மாற்றுவதை மண்டிக் கணக்கெழுதும் பையனே போனில் செய்துவிடலாம். ஆனால் தமிழில் தலைப்பு வைக்கும்போது அது செய்கிற ஒரு வேலை பலருக்கும் தெரியாது. தலைப்பிலிருந்து அது உருவாக்கும் முகவரித் துண்டுக்கு 200 இடம்தான் உண்டு. கணினிகள் பொதுவாகப் பயன்படுத்தும் யூனிகோடு எழுத்துமுறையில் ‘கி’ என்பது ககரம், இகரக்குறி என இரண்டு குறி. அந்த ஒவ்வொன்றும் முகவரியில் விழுக்காட்டுக் குறிகளாக (ககரம் %E0%AE%95 என்று) விரிந்து 9 இடம் பிடிக்கும். ‘கிருஷ்ணகிரி மாம்பழம் விலை’ என்று வையுங்கள். கிருஷ்ணகிரிக்கு 11 குறி, மாம்பழத்துக்கு 8, விலைக்கு 4, ஆக 23. ஒன்பதால் பெருக்கினால் 207, நடுவில் இரண்டு கோடு சேர்த்து 209. கடைசி ஐகாரக் கொம்புக்கு இடமில்லாமல் முகவரி ‘வில’ என்று அறுந்து நிற்கும். அறாமல் நின்றாலும், அதை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் பல போன்களில் அரைத்திரை நீளத்துக்குக் குறிகளாக ஓடும். பார்க்கிறவர் வைரஸ் என்று நினைத்துத் தொடவே மாட்டார்.

ஆகவே தலைப்பு தமிழில் இருக்கட்டும், முகவரித் துண்டை வெளியிடுவதற்கு முன்பே ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல்லாகக் கையால் போடுங்கள். வெளியிட்டபின் மாற்றினால், பதிவாக இருந்தால் பழைய இணைப்பை வேர்ட்பிரஸ் தானே புதியதற்குத் திருப்பிவிடும். பக்கமாக இருந்தால் திருப்பாது. அதற்கு ரீடைரக்‌ஷன் ப்ளக்இன் (வேர்ட்பிரஸில் சேர்க்கும் துணை நிரல்) தேவை.

டிடிபி கடையில் அடித்த நோட்டீஸ் வாசகத்தை அப்படியே தளத்தில் ஒட்டச் சொல்வார்கள். அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால் திரையில் ஆங்கிலக் குப்பையாகத்தான் விழும். என்எச்எம் கன்வர்ட்டர் அதை யூனிகோடாக மாற்றித் தரும். மாற்றியபின் இரண்டை மட்டும் கண்ணால் பாருங்கள்: துணைக்கால் இருக்கவேண்டிய இடத்தில் ரகரம் அடித்திருக்கிறார்களா, ஔகாரம் ஒகரமும் ளகரமுமாகப் பிரிந்திருக்கிறதா. பார்வைக்கு ஒன்றுபோலவே தெரியும், தேடினால் சிக்காது.

எழுத்துருவில் முக்தா மலர், நோட்டோ சான்ஸ் தமிழ் இரண்டும் இலவசம், சின்னத் திரையிலும் தெளிவு. சாதா 400, தடிமன் 700 என இரண்டு கனம் போதும். 700-ஐ ஏற்றாமல் விட்டால் உலாவியே எழுத்தைப் போலியாகத் தடிக்க வைக்கும்; ணகரத்தின் சுழி அடைத்துப்போகும். வரி உயரம் 1.7 வையுங்கள். ஆங்கிலத்துக்கான 1.2-ல் விட்டால் பொத்தான்களில் கூ, மு போன்றவற்றின் அடிப்பகுதி வெட்டுப்படும்.

படத்தின் அளவைக் குறைக்க ஸ்கூஷ் என்ற இணையக் கருவி. போனில் எடுத்த 4 எம்பி படத்தை 1200 பிக்சல் அகலம், வெப்பி வடிவம், தரம் 75 என்று இறக்கினால் பெரும்பாலும் 200 கேபிக்குள் அடங்கும். கூகுளின் வேகச் சோதனைக் கருவியான பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் முதன்மை உள்ளடக்கம் தெரியும் நேரம் 2.5 விநாடிக்குள் வந்தால் பச்சை. அஞ்செட்டி, ஒகேனக்கல் மலைப்பாதைச் சிக்னலில் திறக்க வேண்டியவர்களுக்கு இந்த ஒரு எண்தான் முக்கியம்.

தளத்துக்கு https பூட்டுத் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் இலவசம், ஆனால் ஆயுள் 90 நாள். ஆள் தொடாத ஒன்பது மாதத்தில் அது மூன்று முறையாவது தானே புதுப்பித்துக்கொள்ள வேண்டும். காலாவதி எச்சரிக்கை மின்னஞ்சல் அனுப்புவதை அவர்கள் 2025 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். எனவே தளம் திறக்காவிட்டால் சொல்லும் அப்டைம் கண்காணிப்பு ஒன்று வைத்தே ஆகவேண்டும். பார்வையாளருக்கும் தளம் இருக்கும் சர்வருக்கும் நடுவில் நிற்கும் கிளவுட்ஃப்ளேர் சேவையைப் போட்டபின் ‘திசைதிருப்பல் அதிகம்’ என்று தளம் சுற்றிக்கொண்டே இருந்தால், என்க்ரிப்ஷன் அமைப்பைப் பாருங்கள். ஃப்ளெக்ஸிபிள் என்ற அமைப்பில் கிளவுட்ஃப்ளேர் சர்வருக்குப் பூட்டில்லாத (http) வழியில் போகும், சர்வர் பூட்டுள்ள (https) வழிக்குத் திருப்பும், இது முடியவே முடியாது. ஃபுல் ஸ்ட்ரிக்ட்டுக்கு மாற்றினால் அடங்கும்.

தளத்தின் காப்பு நகலுக்கு அப்டிராஃப்ட்பிளஸ் ப்ளக்இன்னின் இலவசப் பதிப்பே போதும். தரவுத்தளம் தினமும், கோப்புகள் வாரம் ஒருமுறை, போய்ச் சேரும் இடம் கூகுள் டிரைவ். அதே சர்வரில் வைத்த காப்பு காப்பே அல்ல. எடுத்ததோடு நிறுத்தாமல், லேப்டாப்பிலேயே வேர்ட்பிரஸை ஓட்டிப் பார்க்க உதவும் ‘லோக்கல்’ என்ற செயலியைப் போட்டு அந்தக் கோப்புகளிலிருந்து தளத்தை ஒருமுறை எழுப்பிப் பாருங்கள். படங்கள் இருக்கும் அப்லோட்ஸ் கோப்பு குறைவது, டிரைவ் அனுமதி அறுந்து இரண்டு மாதமாக எதுவுமே போகாதது எல்லாம் அப்போதுதான் தெரியவரும்.

மக்கள் எதைத் தேடித் தளத்துக்கு வந்தார்கள் என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோல் 16 மாதத் தரவை வைத்திருக்கும். போன மே மாதத்தையும் இந்த மே மாதத்தையும் பக்கத்தில் வைத்து, ஒரே மாம்பழ வகையை மக்கள் ‘பெங்களூரா’ என்று தேடினார்களா, ‘கிளிமூக்கு’ என்றா என்று பார்த்து அந்தச் சொல்லையே பக்கத்தில் எழுதலாம்.

ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முதலில் காப்பு, பிறகு அப்டேட். அடுத்து விசாரணைப் படிவத்தில் நீங்களே ஒன்று நிரப்பி அனுப்புங்கள். ஸ்பேமில் விழுந்தால் முறையான அஞ்சல் கணக்கு மூலம் அனுப்பும் எஸ்எம்டிபி ப்ளக்இன் வழியாக அனுப்ப மாற்றுங்கள். கடைசியாக வாட்ஸ்அப் பொத்தானை இன்னொரு போனில் அழுத்துங்கள். எண் 91 என்று தொடங்க வேண்டும், முன்னால் கூட்டல் குறியோ பூஜ்ஜியமோ இருந்தால் எடுத்துவிடுங்கள்.