திருகோணமலையில் எங்கே தங்குவது: நகரமா, உப்புவெளியா?

கோணேசர் கோயிலுக்காக வருகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், நகரத்துக்குள் தங்குங்கள். விடியக் காலையில் பிரெட்றிக் கோட்டை வாசலால் நுழைந்து, மரநிழலில் மேயும் மான்களைப் பார்த்தபடி கோயில் இருக்கும் சுவாமிமலைக்கு நடந்தே ஏறலாம், சம்பந்தர் பாடிய அந்தத் தலத்தில் வெயில் ஏறும் முன் கடலைப் பார்த்து நிற்பதற்கு ஈடே இல்லை. பஸ் நிலையம், பத்திரகாளி அம்மன் கோயில், டச்சுக்குடா எல்லாம் பக்கத்தில்தான். ஆனால் சந்தடி இருக்கும்.

உப்புவெளி வடக்கே சில கிலோமீற்றர்தான். கடற்கரையை ஒட்டியே அறைகள், மே முதல் செப்டெம்பர் வரை கடலும் அமைதி, பிள்ளைகளோடு வருபவர்களுக்கு இது நல்லது. புறாத்தீவுக்குப் போக, இன்னும் வடக்கே இருக்கும் நிலாவெளியில் படகு ஏறலாம், அதற்கும் இங்கிருந்து கிட்ட. கோயிலுக்கு ஒவ்வொரு தடவையும் ஓட்டோ பிடிக்கவேண்டும், அதுதான் குறை. மார்கழி மழையில் கடல் கொந்தளிக்கும், அப்போது கடற்கரை அறைக்குக் காசு கொடுப்பது வீண்.

என்னைக் கேட்டால் முதல்முறை வருபவர்கள் நகரத்தில்தான் தங்கவேண்டும். இரண்டு இரவு கிடைத்தால் சரி, ஒன்றை உப்புவெளிக்குக் கொடுங்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு இரண்டு இடத்திலிருந்தும் போய்வருவது சுலபம்.