மௌனமாக்குவதா, வெட்டி நீக்குவதா?

ஒருசெல் உயிரியில் ஒரு மரபணுவின் வேலையை அறிய, அதை முடக்கிப் பார்க்க வேண்டும். ஆர்.என்.ஏ. குறுக்கீடு, அந்த மரபணுவோடு பொருந்தும் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைக் கொண்டு, புரதம் செய்யும் குறிப்பை ஏந்திச் செல்லும் அதன் தூது ஆர்.என்.ஏ.வை அழிக்கிறது. கிரிஸ்பர் என்ற மரபணு திருத்தும் கருவி டி.என்.ஏ.வையே வெட்டுகிறது. கிரிஸ்பர் வந்தபின் குறுக்கீடு காலாவதியாகிவிட்டது என்ற பேச்சை நான் ஏற்கவில்லை.

தூக்க நோய்க் கிருமியான டிரிப்பனோசோமா புரூசியில் குறுக்கீடு வேலை செய்வது 1998லேயே தெரிந்துவிட்டது. உயிர்வாழ இன்றியமையாத மரபணுவை இதில் அடியோடு நீக்கினால் செல் செத்துவிடும். ஆராய எதுவும் மிஞ்சாது. குறுக்கீட்டிலோ, அதைத் தொடக்கும் விசையாகப் பயன்படும் டெட்ராசைக்ளின் என்ற மருந்தைச் சேர்க்கும்வரை செல்கள் வழக்கம்போல் பெருகும். சேர்த்தபின் புரதம் குறையக் குறைய எது முதலில் தடுமாறுகிறது, செல் பிளவா, நீந்த உதவும் கசையிழையின் அசைவா என்று மணிக்கணக்கில் தொடரலாம். மரபணுவின் நேரடி வேலை அந்த முதல் தடுமாற்றத்தில்தான் தெரியும்.

பரமீசியம் என்ற ஒருசெல் உயிரியில் இதன் அருமை இன்னும் கூடுகிறது. அதன் பெரிய உட்கருவில் ஒவ்வொரு மரபணுவுக்கும் ஏறத்தாழ 800 நகல்கள் உண்டு. அத்தனையையும் வெட்டுவது பெரும்பாடு. அந்த மரபணுவுக்கான இரட்டை இழை ஆர்.என்.ஏ. தயாரிக்கும் ஈ. கோலி பாக்டீரியாவை உணவாகக் கொடுத்தாலே போதும், மரபணு அடங்கிவிடும். எவ்வளவு அழகான வழி!

குறைகளும் சிறியவை அல்ல. புரதம் முழுதாக மறைவதில்லை. ஆகவே மாற்றம் எதுவும் தெரியாவிட்டால் அந்த மரபணு தேவையற்றது என்று முடிவு கட்டக் கூடாது. சில நாள்களில் குறுக்கீட்டுக்கு மசியாத செல்கள் தலைதூக்கி, வளர்ப்பையே நிரப்பிவிடுவதும் உண்டு. இங்கே கிரிஸ்பர் தரும் விடை தெளிவானது.

மலேரியாக் கிருமி, டிரிப்பனோசோமா குரூசி, ரொட்டி ஈஸ்ட் ஆகியவற்றில் குறுக்கீட்டுக்கான இயந்திரமே இல்லை. லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணியில் இனத்துக்கு இனம் வேறுபடும்: பிரேசிலியென்சிஸில் உண்டு, மேஜரில் இல்லை. எனவே முதலில் மரபணுத் தொகுப்பில், குறுக்கீட்டை நடத்தும் ஆர்கோனாட், டைசர் புரதங்களுக்கான மரபணுக்களைத் தேடுங்கள். அவை இருந்து, மரபணுவும் இன்றியமையாதது என்று தோன்றினால் குறுக்கீட்டில் தொடங்குவேன். பிறகு, அதே புரதத்தை வேறு டி.என்.ஏ. எழுத்து வரிசையில் எழுதிய, குறுக்கீட்டுக்குச் சிக்காத மரபணு நகல் ஒன்றைச் செலுத்துவேன். செல் மீண்டால்தான் முடிவை நம்புவேன்.